மூழ்கியதா, மூழ்கவில்லையா?

நீர்மூழ்கிக் கப்பலைச் செலுத்தும் கணனி விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்டோரிடையே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாத வாதம் ஒன்று உண்டு. டோர்பிடோ தாக்கிய கப்பல் எவ்வாறு சேதமடைய வேண்டும், எவ்வளவு நேரத்தில் மூழ்க வேண்டும் என்பதே அது. சிறுபிள்ளை வாதம் என்று இதனை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கடற்போர் வரலாற்றை நூல்களில் தேடாத பலர் அதனை இவ்விளையாட்டுகளின் வழியாகவே அறிந்துகொள்கின்றனர். அங்கே சொல்லப்படும் பொய்யும் வரலாறாகவே மனத்தில் படிந்துவிடும்.

2005 ஆம் ஆண்டு வெளிவந்த 'சைலண்ட் ஹன்டர் 3' இவ்வாதத்தின் நடுநாயகம். அதன் மூல வடிவில் ஒவ்வொரு கப்பலுக்கும் இவ்வளவு 'உயிர்ப் புள்ளிகள்' என்றொரு கணக்கு இருந்தது. புள்ளிகள் தீர்ந்தால் கப்பலின் கதை முடிந்தது. இதில் நிறைவு காணாத இரசிகர்கள் தாமே திருத்தப் பொதிகளை உருவாக்கி, அறைகளுக்குள் நீர் புகும் வேகமே கப்பலின் விதியைத் தீர்மானிக்கும்படி மாற்றியமைத்தனர். ஊதியம் எதுவும் பெறாமல் அவர்கள் செய்த வேலை அது. நியாயமும் அவர்கள் பக்கமே. வெடிமருந்து துளையை மட்டுமே இடுகிறது. மிச்ச வேலையை நீர் பார்த்துக்கொள்கிறது. அந்த நீருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதோ கப்பலில் ஏற்றப்பட்ட சரக்கைப் பொறுத்தது.

1940 ஒக்டோபரில் கனடாவின் சிட்னித் துறைமுகத்திலிருந்து பிரித்தானியாவுக்குப் புறப்பட்ட எஸ்.சி. 7 என்னும் தொடரணியை எடுத்துக்கொள்ளுங்கள். 35 கப்பல்களில் 20 அழிந்தன. அத்தொடரணியில் இரும்புத் தாது ஏற்றிவந்த 'கிரீக்கேர்க்' என்ற கப்பலை ஒக்டோபர் 18 ஆம் திகதி இரவு யு-101 தாக்கியது. அதிலிருந்த 36 பேரில் ஒருவர்கூட உயிர் தப்பவில்லை. அதே இரவில் அதே நீர்மூழ்கி, மரம் ஏற்றிவந்த 'பிளேயர்ஸ்பே' கப்பலையும் தாக்கியது. சில மணி நேரத்தின் பின் யு-100 வந்து மீண்டும் தாக்கியது. ஆனாலும் பிளேயர்ஸ்பே மூழ்கவில்லை. மரச்சரக்கு அதனைத் தாங்கி நிற்க, இழுவைக் கப்பலால் கரைசேர்க்கப்பட்டு, திருத்தப்பட்டு, மீண்டும் கடலுக்குச் சென்றது. கப்பலின் பருமனை மட்டும் பார்த்துப் புள்ளியிடும் எந்தக் கணக்கினாலும் இவ்விரு முடிவுகளையும் விளக்க முடியாது.

நேரம் பற்றிய முறைப்பாடுகளும் ஏராளம். 'இவ்வளவு பெரிய கப்பல் இத்தனை விரைவில் மூழ்குமா?' என்று கேட்பார்கள். மூழ்கும். 1915 மே 7 ஆம் திகதி ஒரேயொரு டோர்பிடோவினால் தாக்கப்பட்ட 'லூசிட்டானியா' 18 நிமிடங்களில் மறைந்தது. 1944 பெப்ரவரி 12 ஆம் திகதி, மொம்பாசாவிலிருந்து எங்கள் கொழும்பை நோக்கிப் படையினரையும் தாதியரையும் ஏற்றிவந்த 'கெடிவ் இஸ்மாயில்', மாலைதீவுக் கடலில் ஜப்பானிய ஐ-27 எய்த இரு டோர்பிடோக்களினால் சில நிமிடங்களுக்குள் மூழ்கியது. ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். விளையாட்டில் இப்படி நடந்தால் மென்பொருளில் பிழை என்றே எழுதுவார்கள்.

இன்னொரு மயக்கம் ஒளிப்படக்கருவியால் வந்தது. 1999 ஜூன் மாதத்தில் அவுஸ்திரேலியக் கடற்படை, சேவையிலிருந்து நீக்கப்பட்ட தனது 'டொரன்ஸ்' கப்பலை மார்க் 48 டோர்பிடோவினால் பரிசோதனையாகத் தாக்கி, அதனைப் படம் பிடித்தது. கப்பல் நடுவே தூக்கி எறியப்பட்டு இரண்டாக முறிகிறது. அதனைக் கண்டவர்கள் 1940 இன் சரக்குக் கப்பல்களும் அவ்வாறே முறிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். டொரன்ஸின் அடிப்பாகத்துக்குக் கீழே, நீருக்குள் நிகழ்ந்த வெடிப்பு அது. அத்தகைய வெடிப்புக்காக ஜேர்மனியர் நம்பியிருந்த காந்த வெடிப்பொறி 1940 ஏப்ரலில் நோர்வேக் கடலில் படுதோல்வி கண்டது. அதன் பின்னர் கப்பலின் பக்கத்தில் முட்டி வெடிப்பதையே அவர்கள் நெடுங்காலம் நம்பவேண்டியிருந்தது.

வெடிக்காத டோர்பிடோக்களின் கதை இதனினும் சுவையானது. விளையாட்டின் தெரிவுப் பட்டியலில் ஒரு பெட்டியிலுள்ள அடையாளத்தை நீக்கினால் பழுதுகள் யாவும் மறைந்துவிடும். அமெரிக்கத் தளபதிகளுக்கு அந்தப் பெட்டி கிடைக்க 1943 இன் பிற்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. அவர்களது மார்க் 14 டோர்பிடோ, குறித்த ஆழத்திலும் ஏறத்தாழ 3 மீற்றர் கீழே ஓடியது. அதன் காந்த வெடிப்பொறி இலக்கை அடையுமுன்பே வெடித்தது. 1943 ஜூலை 24 ஆம் திகதி 'தினோசா' நீர்மூழ்கி, 19,000 தொன் கொண்ட 'தோனன் மாரு 3' என்ற கப்பலைச் சரிவான கோணத்தில் தாக்கி நிறுத்தியது. பின்னர் அசையாது நின்ற இலக்கின் நேர்ப்பக்கமாக வந்து, பாடநூல் கூறுவதுபோல் ஒவ்வொன்றாக எய்தது. பட்டன, வெடிக்கவில்லை. அன்று எய்யப்பட்ட 15 இல் 11 வெடிக்கவேயில்லை. எஞ்சிய ஒன்றை ஆய்வுக்காகத் தளபதி துறைமுகத்துக்குக் கொண்டுசென்றார். செங்குத்தாக மோதும்போது வெடியூசியின் பொறிமுறை நசுங்கிவிடுகிறது என்பது அதன் பின்னரே தெரியவந்தது. திறமையாக எய்தவனுக்கே தோல்வி என்றால், அதனைப் பகடை எறிவதுபோல் ஒரு வீதக் கணக்கில் அடக்குவது உண்மைக்குச் செய்யும் அநீதி.

ஆனால், இரசிகர்களின் திருத்தங்களும் பெரும்பாலும் தொடாத இடம் ஒன்று உண்டு. கப்பல் மூழ்கிய கணத்திலேயே திரையில் செய்தி வருகிறது: இன்ன கப்பல், இத்தனை தொன். உண்மையில் தளபதிக்கு அதனைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. தாக்கியவன் காவற் கப்பலுக்கு அஞ்சி ஆழத்தில் பதுங்கியிருப்பான். தொலைவில் எழுந்த ஓசையை உலோகம் முறியும் ஓசை என்று கொள்வான். போர்க்காலத்தில் அமெரிக்க நீர்மூழ்கிகள் மூழ்கடித்ததாகக் கோரிய கப்பல்கள் ஏறத்தாழ 4,000. போரின் பின் ஜப்பானிய ஆவணங்களையும் ஆராய்ந்த குழு ஏற்றுக்கொண்டவை 1,314. மிகச் சிறிய கலங்களை அக்குழு கணக்கிலெடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆயினும் இடைவெளி பெரிது. அவர்கள் பொய்யர் அல்லர். போர்முனை அறிக்கைகளைத் தலைப்புச் செய்தியாக்கிப் பழகிய பத்திரிகைக்காரனுக்கு இந்த இடைவெளி புதிதன்று.

நூறு வீத யதார்த்தம் வேண்டுமென்போருக்கு எனது யோசனை இதுதான். அந்தச் செய்தியை நிறுத்திவிடுங்கள். தொன் கணக்கை ஆடுபவரே தமது நாட்குறிப்பில் எழுதட்டும். சரியான கணக்கு, போர் முடிந்து 1945 வந்த பிறகு மட்டும் திரையில் தோன்றட்டும்.