குருத்துக் கலம்

பொருளை விளக்குதற்கு இட்ட பெயரே சிலவிடத்து அதனை மறைத்துவிடுதலும் உண்டு. ஆங்கில மருத்துவ நூலார் 'ஸ்ரெம் செல்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, நம்மவருட் சிலர் 'தண்டுக் கலம்' என எழுதுகின்றனர். தண்டோ வளர்ந்து நிலைபெற்ற உறுப்பு. ஈண்டுக் கருதப்படுவது, தன்னைத் தானே பெருக்குவதும், தன் வகைக்கேற்பக் குருதியாகவோ தோலாகவோ வேறுபடுவதுமாகிய இளங்கலம். ஆதலின் 'குருத்துக் கலம்' என்பதே காரணப்பெயராய் அமையும்.

இது பண்டிதர் பூசலென எள்ளற்க. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்து பார்வை மங்கும் நோய் ஒன்றுண்டு. 2014 ஆம் ஆண்டு யப்பானின் கோபே நகரில், அந்நோயுற்ற மூதாட்டி ஒருவரின் தோற்கலங்களை எடுத்து, யமனாக்கா என்னும் அறிஞர் 2006 இல் வெளியிட்ட முறையைத் தழுவிக் குருத்துநிலைக்கு மீட்டு, விழித்திரையைப் பேணும் நிறக்கலப் படலமாக வளர்த்து, ஒரு கண்ணில் மட்டும் பொருத்தினர். ஓராண்டின் பின்னும் படலம் அழியவில்லை; பார்வை தெளியவுமில்லை, குன்றவுமில்லை. இரண்டாம் நோயாளிக்கென வளர்த்த கலங்களில் மரபணு மாற்றங் கண்டதும், அவற்றைப் பொருத்தாது நிறுத்தினர்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2015 இல் நிகழ்ந்தது வேறு. அதே நோயுற்ற மூதாட்டியர் மூவர், தலைக்கு 5,000 டொலர் செலுத்தினர். அவர்தம் உடற்கொழுப்பிலிருந்து பிரித்த கலங்கள் இரு கண்களிலும் ஒரே நாளில் ஊசியால் ஏற்றப்பட்டன. மூவரும் பார்வையைப் பெரிதும் இழந்தனர். இவ்விரு செய்தியையும் 2017 மார்ச்சில் ஒரே மருத்துவ ஏடு ஒரே இதழில் வெளியிட்டது.

இரண்டிற்கும் வழங்கிய பெயர் ஒன்றே. ஒருபாற் பொறுமை, மறுபால் வாணிகம். என்பு மச்சையின் குருத்துக் கலங்கள் குருதிப் புற்றுநோயாளர் பலரைப் பல்லாண்டாக வாழ்விப்பதும் அப்பெயராலேயே. அந்நற்பெயரின் நிழலிற் பொய்யும் விலைபோகின்றது.

பெயரை மாற்றிய அளவில் வஞ்சகம் ஒழிந்துவிடாது. ஆயினும், குருத்து என்று கற்ற மாணவன், அது எதன் குருத்து, எதுவாக விரியும், விரிந்ததைச் சோதித்தவர் யார் என வினவுவான். வாழைக் குருத்துப் பனையோலையாக விரியாது என்பதை நம் சிறாரும் அறிவர். தோலிலிருந்து கண்ணுக்குரிய கலம் படைத்த கோபே மருத்துவரும், முதலில் அதனைக் குருத்தாக மீட்ட பின்னரே வளர்த்தனர். கொழுப்பை எடுத்துக் கண்ணில் ஏற்றுவோனிடம் இவ்வினாக்களுக்கு விடையில்லை.

நோயுற்றோர் நம்பிக்கை எளிதில் ஏமாற்றத்தக்கது. அதனைக் காக்கும் கடமை மருத்துவர்க்கு மட்டுமன்று, சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் உண்டு. கலைச்சொல் ஆக்குவோர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.