‘ஃபோர்’ பழசு என்பது பொய்

ஜாவாஸ்கிரிப்ட் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளின் காதில் விரைவிலேயே ஓதப்படுகிறது: ‘ஃபோர் லூப் பழைய காலத்துச் சரக்கு, ஃபோர்ஈச் எழுது, மேப் எழுது, அதுதான் நவீனம்.’ கொழும்பு வகுப்பிலும் இதே பாடம்தான். மாங்கேணியில் கைபேசியில் காணொளி பார்த்துத் தானே படிக்கிற பிள்ளைக்கும் இதே பாடம்தான். இந்த நம்பிக்கை பிள்ளைகளின் செய்நிரலைக் கெடுக்கிறது.

வயதையே எடுத்துக்கொள்வோம். ஃபோர்ஈச், மேப், ஃபில்டர், ரெடியூஸ் எல்லாம் 2009இல் மொழித் தரத்தின் ஐந்தாம் பதிப்பில் வந்தவை. ஃபோர்-ஆஃப் வந்ததோ 2015இல். பழசென்று தள்ளும் குடும்பத்தில்தான் இளையது இருக்கிறது. சுட்டெண்ணில் ஒன்று கூடி ஒன்று குறையும் தொல்லை பழைய ஃபோரில் உண்டு, மறுக்கவில்லை. ஃபோர்-ஆஃபில் சுட்டெண்ணே தேவையில்லை.

இனி வேலைக்கு வருவோம். மாங்கேணிக் கரையில் ஒவ்வொரு தோணிக்கும் எத்தனை கிலோ மீன் பட்டது என்பதை ஓர் அணியில் சேர்த்து, ஒவ்வொன்றாகச் சேர்வருக்கு அனுப்பும் செயலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ஈச்சுக்குள் எசின்க் சார்பைக் கொடுத்து அவெய்ட் போட்டால் என்ன நடக்கும்? ஃபோர்ஈச் காத்திராது. சார்பு திருப்பித் தரும் பிராமிஸை ஏறெடுத்தும் பாராமல், எல்லாவற்றையும் கிளப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரு கிலோகூடப் பதியாத நேரத்தில் ‘எல்லாம் பதிந்தாயிற்று’ என்று திரை சொல்லும். சிக்னல் அறுந்து ஒரு பதிவு தவறினால், வெளியே போட்ட ட்ரை-கேட்ச் அதைப் பிடிக்காது. ஃபோர்-ஆஃபில் போட்ட அவெய்ட் தோணிக்குத் தோணி நின்று, பதிந்த பிறகே நகரும்.

ஃபோர்ஈச்சை இடையில் பிரேக் போட்டு நிறுத்தவும் வழியில்லை. 50 கிலோவுக்கு மேல் பிடித்த முதல் தோணி வேண்டுமா, ஃபைண்ட். அப்படி ஒன்றாவது உண்டா என்றால் சம். எல்லாமே அப்படியா என்றால் எவ்ரி. விடை தெரிந்ததும் இவை தாமாக நின்றுவிடும். கிலோக் கணக்கு ரூபாய்க் கணக்காகிப் புதிய அணியாக வேண்டுமானால் மேப். அந்தப் புதிய அணியைத் தொடாமலே விடுவதற்கு மேப் எழுதுவது வாசிப்பவரை ஏமாற்றுவது. பெயரைக் கண்டதும் அவர் அந்த அணியைத் தேடி அலைவார்.

ஆசிரியர்களே, நவீனம் என்று ஒரே முறையைத் திணிக்காதீர்கள். ‘இந்த வேலைக்கு ஏன் இந்த முறை?’ என்ற கேள்விக்குப் புள்ளி கொடுங்கள். அதற்குக் காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் செய்நிரல் படித்த பிள்ளை.