ஓய்வு பெற்ற கைக்கு இனாம் வேலையா?

நம்மவரிடையே விநோதமான வழக்கம் ஒன்று வேரூன்றியிருக்கிறது. தையற்காரரிடம் சட்டை தைக்கக் கொடுத்தால் கூலி எவ்வளவு என்று கேட்கிறோம். குழாய் பழுது பார்க்க வருபவருக்கு வந்த காலுக்கே தனிக்கூலி கொடுக்கிறோம். ஆனால், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து சித்திரம் எழுதும் பெரியவர் ஒருவரிடம் போய், "எங்கள் அப்பாவின் படம் ஒன்று எழுதித் தாருங்கள்" என்று கேட்கும்பொழுது மட்டும் விலை என்ற சொல் நம் நாவில் எழுவதில்லை. விலை பேசினால் அது அவருக்கு அவமரியாதை என்றும், இனாமாகக் கேட்பதே அன்பின் அடையாளம் என்றும் நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இதற்கு அன்பு என்று பெயரிடுவது தகாது. பிறர் உழைப்பை எடுத்துக்கொள்வதற்கு உறவைப் போர்வையாக்கும் செயல் இது. இதைக் கண்டிக்கவே எழுதுகோல் எடுத்தோம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்குவோம். மலேசியாவில் தனியார் துறைத் தொழிலாளிக்கு ஓய்வு பெறும் வயது அறுபதுக்குக் குறையலாகாது என்று 2012-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அது நடப்புக்கு வந்தது. முப்பது நாற்பது ஆண்டுகள் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டியோ, லாரி ஓட்டியோ, ஆபீசில் செக்ரோல் எழுதியோ உழைத்தவர், அந்த வயதில் தோட்டத்து லயத்தைக் காலி செய்து, பட்டணத்துத் தாமானில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ குடியேறுகிறார். அரசாங்க உத்தியோகஸ்தருக்குள்ள பென்சன் அவருக்குக் கிடையாது. சேமநிதியில் சேர்ந்த தொகையே அவர் கைப்பொருள். இத்தகையவருள் சிலர், ஆடவரும் உண்டு பெண்டிரும் உண்டு, சிறு பிராயத்தில் கரித்துண்டால் சுவரில் எழுதிப் பார்த்துப் பின்பு பிழைப்பின் பொருட்டுக் கைவிட்ட சித்திர ஆசையை மீண்டும் கையில் எடுக்கிறார்கள். பேரப்பிள்ளையின் வர்ணப் பெட்டியில் தொடங்கி, சிறுகச் சிறுகக் கேன்வாஸ் துணியும் நல்ல வர்ணமும் வாங்கிப் பழகுகிறார்கள். எழுதியவற்றைப் பொங்கல் விழாவன்று மண்டபத்துச் சுவரில் நால்வர் பார்க்க மாட்டுகிறார்கள். பார்த்தவர் வியக்கிறார்கள். வியப்பு அடங்குமுன்னே, "எனக்கு ஒன்று" என்ற வேண்டுகோள் வந்துவிடுகிறது.

அவ்வேண்டுகோளை நிறைவேற்றுவதில் உள்ள சிரமத்தைக் கேட்பவர் ஒரு நாளேனும் எண்ணியதுண்டா? இறந்த தகப்பனாரின் அடையாளக் கார்டுப் படத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார் ஒருவர். தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் முன்னோரின் முகத்துக்கு அதைத் தவிர வேறு சாட்சி இல்லை. தபால் தலையைவிடச் சற்றே பெரிதான அப்படத்தின்மேல் நுண்ணிய கட்டங்கள் இட்டு, அதே எண்ணிக்கையுள்ள பெரிய கட்டங்களைத் துணியில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலுமுள்ள கோட்டைப் பெயர்த்து எழுதவேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இல்லாத தோலின் நிறத்தைப் பிள்ளைகளின் முகம் பார்த்து ஊகிக்கவேண்டும். எண்ணெய் வர்ணமாயின் ஒரு பூச்சு உலர நாட்கணக்காகும். அதுவரை அடுத்த பூச்சுக்குக் காத்திருக்கவேண்டும். எல்லாம் முடிந்தபின், "கண் மட்டும் அப்பாவுடையது போல் இல்லையே" என்று வீட்டார் சொன்னால் கண்ணை அழித்து மறுபடியும் எழுதவேண்டும்.

நாம் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணி. ஆகவே கணக்காகவே பேசுவோம். நாளொன்றுக்கு மூன்று மணி வீதம் பத்து நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் முப்பது மணி நேரமாகிறது. 2025-ஆம் ஆண்டு இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று நிர்ணயிக்கப்பட்டது. மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 72 காசு. முப்பது மணிக்கு 261 வெள்ளி 60 காசு. துணிக்கும் வர்ணத்துக்கும் சட்டத்துக்கும் 55 வெள்ளி என்று சேர்த்தால் மொத்தம் 316 வெள்ளி 60 காசு. இதைக் கலைஞனின் விலை என்று எவரும் எண்ணவேண்டாம். எத்தொழிலும் பழகாமல் இன்று காலை வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் குறைக்கலாகாது என்று சட்டம் காட்டும் அடிமட்டக் கூலி இது. இவ்விடத்தில் நம்மவர் கொடுப்பது என்ன? ஒரு பை ஆரஞ்சுப் பழம். மிஞ்சிப்போனால் ஐம்பது வெள்ளி. அதையும், "செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மாமா" என்று தர்மம் போடுவது போலச் சட்டைப் பையில் திணிப்பது! வர்ணம் வாங்கிய காசுகூடத் திரும்பாத அந்த வியாபாரத்துக்கு அன்பளிப்பு என்று பெயர் வேறு!

இனி, இவ்வழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"அவருக்குத்தான் வேறு வேலை இல்லையே, பொழுது போக எழுதுகிறார்" என்பது முதலாவது நியாயம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார் என்றால் அவருடைய நேரம் ஊருக்குப் பொதுச் சொத்தாகிவிட்டது என்று அர்த்தமா? நாற்பது ஆண்டுகள் பிறர் குறித்த மணிக்கு எழுந்து, பிறர் குறித்த மணிக்கு வீடு திரும்பியவருக்கு, தம் நாள் தம்முடையது என்று சொல்லும் உரிமை வாழ்நாளில் முதன்முறையாகக் கிடைத்திருக்கிறது. அந்த நாளில் முப்பது மணியை நமக்காக ஒதுக்கினால் அதற்கு மதிப்பு கூடுமேயன்றிக் குறையாது. எஞ்சியிருக்கும் நாட்கள் குறைந்தவர் தரும் ஒரு மணி, இளைஞன் தரும் ஒரு மணியைவிட மலிவானது என்று எந்த அறிவாளி கண்டுபிடித்தான்?

"அவர் முறையாகப் படித்த ஓவியரல்லரே" என்பது இரண்டாவது நியாயம். இதைச் சொல்வோர் பிரான்ஸ் தேசத்து ஆன்ரி ரூசோவை அறிந்திருப்பது நலம். 1844-இல் பிறந்த அவர் பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்குச் சுங்கம் வசூலிக்கும் சிற்றுத்தியோகத்தில் இருந்தவர். எந்தச் சித்திரப் பள்ளியிலும் பயின்றவரல்லர். 1893-இல், நாற்பத்தொன்பதாம் வயதில், வேலையைவிட்டு விலகி முழு நேரமும் படம் எழுதினார். பென்சன் சொற்பம், ஆகவே பிடில் கற்றுக்கொடுத்தும், கேட்டவர்களுக்குப் படம் எழுதிக் கொடுத்தும் பிழைத்தார். பத்திரிகைகள் நகைத்தன. 1907-இல் ரொபேர் டெலோனே என்ற ஓவியரின் தாயார் கேட்டுக்கொண்டதன் பேரில் "பாம்பாட்டிப் பெண்" என்ற படத்தை எழுதினார். பிரான்சைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாத அம்மனிதர், பாரிஸ் தாவரத் தோட்டத்துச் செடிகளைப் பார்த்துப் பார்த்து எழுதிய அந்தக் கானகம் பின்னாளில் பாரிசின் ஓர்சே கலைக்கூடத்தில் இடம்பெற்றது. ஓய்வு பெற்ற சுங்க வசூல்காரரிடம் முறையாகச் சொல்லி எழுதச் செய்த படம் அது! பள்ளிச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருந்தால் அது பிறந்திருக்குமா? படம் பிடிக்கவில்லையா, வாங்கவேண்டாம். அதில் எவருக்கும் குறையில்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துச் சென்று கூடத்தில் மாட்டியபின், படிக்காதவர் எழுதியது என்று கூலியைக் குறைப்பது நாணயமன்று.

"காசு வாங்கினால் கலையின் தூய்மை கெட்டுவிடும்" என்பது மூன்றாவது நியாயம். இதைப் பெரும்பாலும் சொல்பவர் படம் எழுதுகிறவர் அல்லர்; எழுதச் சொல்லுகிறவரே! அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மோசஸ் பாட்டி என்று பேர்பெற்ற விவசாயக் குடும்பத்து மூதாட்டி, மூட்டு வலியால் ஊசி பிடிக்க முடியாமற்போகவே, தையற்பூ வேலையை விட்டு எழுபது வயதுக்கு மேல் தூரிகை எடுத்தார். 1938-இல் ஊர் மருந்துக் கடையின் சன்னலில் அவர் படங்கள் அளவுக்கேற்ப மூன்று டாலர், ஐந்து டாலர் என்று விலை குறித்து வைக்கப்பட்டிருந்தன. அவ்வழியே வந்த கலைப்பொருள் சேகரிப்பாளர் ஒருவர் இருந்தவற்றையெல்லாம் விலை கொடுத்து வாங்கினார். 1940-இல் நியூயார்க் நகரில் அவருக்கென்றே தனிக் கண்காட்சி நடந்தது. 1961-இல் நூற்றொரு வயதில் மறையும்வரை பாட்டி தம் படங்களுக்கு விலை வாங்கினார். அவர் கலையின் தூய்மைக்கு என்ன கேடு வந்தது?

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் கேளுங்கள். இங்கிலாந்தின் தென்மேற்கே செயின்ட் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊரில் ஆல்பிரட் வாலிஸ் என்பவர் இருந்தார். மீன்பிடித் தொழிலாளியாக இருந்து, பின்பு பழைய கப்பற் சாமான் வாங்கி விற்றவர். 1922-இல் மனைவி இறந்தபின் தனிமைக்குத் துணையாக, எழுபது வயதளவில் படம் எழுதத் தொடங்கினார். மளிகைக் கடை அட்டைப் பெட்டியைக் கிழித்து, படகுக்கு அடிக்கும் பெயிண்டால் தாம் கண்ட கப்பல்களை நினைவிலிருந்து எழுதினார். 1928-இல் பெயர்பெற்ற இரு ஓவியர்கள் அவரைக் கண்டு வியந்தார்கள். கலையறிந்தோர் அவர் படங்களைச் சில காசுகளுக்கு வாங்கிச் சென்றார்கள். புகழ் இலண்டன்வரை சென்றது. பணம் அவர் வீட்டு வாசலுக்கு வரவில்லை. 1942-இல் அவர் உயிர் நீத்தது ஏழைகளை வைத்துப் பராமரிக்கும் விடுதியில். அவர் எழுதிய அட்டைகள் பின்னர் பெரிய கலைக்கூடங்களின் பொக்கிஷமாயின. பாராட்டுக்குப் பஞ்சமில்லாமல், விலைக்கு மட்டும் பஞ்சமாய் வாழ்ந்த அம்முதியவரின் கதை நமக்குச் சுருக்கென்று தைக்கவேண்டாமா?

நம் நாட்டில் இவ்விஷயத்துக்கு மற்றொரு முக்கியத்துவமும் உண்டு. ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனையாகவும் வீடமைப்பு மனைகளாகவும் மாறிய தோட்டங்கள் பல. லயங்கள் இடிந்தன, கோயிலடி ஆலமரமும் போயிற்று. நம் பாட்டன்மார் கையில் கேமரா இருந்ததில்லை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரத்துக்கு மரம் நடந்த காட்சியும், பால் வாளிகள் வரிசையாக நிறுவைக்குக் காத்திருந்த காட்சியும், பிள்ளைத் தொட்டில்கள் ஆயாக்கொட்டகையில் ஆடிய காட்சியும் இன்று எங்கே இருக்கின்றன? அறுபதும் எழுபதும் கடந்தவர்களின் கண்ணுக்குள் மட்டும் இருக்கின்றன. அக்கண்ணும் கையும் ஒருங்கே படைத்த பெரியவர் ஒருவர் நம்மிடையே இருக்கையில், வர்ணத்துக்குக் காசில்லாமல் அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டால் நட்டம் யாருக்கு? நம் குழந்தைகளுக்கே.

நிற்க. படம் எழுதும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். "நம்ம பிள்ளைதானே, எப்படிக் காசு கேட்பது?" என்று கூசாதீர்கள். இன்ன அளவுக்கு இன்ன விலை என்று ஒரு தாளில் எழுதித் தாழ்வாரத்தில் ஒட்டிவையுங்கள். வாயால் கேட்கக் கூசுவதைத் தாள் கேட்கும். வேலை தொடங்குமுன் பாதித் தொகை வாங்குங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதை முன்னரே சொல்லுங்கள். சொன்ன நாளில் கொடுங்கள். முடியாத வேலையை முடியாது என்று சொல்லுங்கள். மனமுவந்து ஒருவருக்கு இனாமாகக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். கொடை என்பது கொடுப்பவர் தாமே முடிவு செய்வது. கேட்டு வாங்கியபின் அதற்குக் கொடை என்ற பெயர் பொருந்தாது.

"ஏழை வீட்டார் முன்னூறு வெள்ளிக்கு எங்கே போவார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுக்கு மாதம் முப்பது வெள்ளியாகத் தவணை வைக்கலாம். வர்ணமில்லாமல் கரிக்கோலால் சிறிய படமாக எழுதிக் குறைந்த விலைக்குத் தரலாம். ஆனால் விலை கேட்டுத் தலை குனிபவர் அவர்களல்லர். காரில் வந்து இறங்கி, கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் மண்டப அலங்காரம் செய்பவரே, அதே கல்யாணத்துக்குப் பரிசளிக்கப் பெரியவரிடம் படத்தை இனாமாகக் கேட்கிறார். ஒரு நாளில் வாடும் பூவுக்குக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு, நூறாண்டு நிற்கும் சித்திரத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை!

நம் சங்கங்களும் தலைவர்களும் இதில் முதற்குற்றவாளிகள் என்று சொல்லத் தயங்கோம். ஆண்டு விழாவில் பெரியவரை மேடைக்கு அழைப்பார்கள்; பொன்னாடை போர்த்துவார்கள்; கையில் ஒரு கேடயம் கொடுத்துப் போட்டோ பிடித்துக்கொள்வார்கள்; விழாவுக்கு அவர் எழுதிய பின்திரைக்கு மட்டும் கூலி கொடுக்கமாட்டார்கள். அப்பெரியவர் வீட்டு அலமாரியில் பொன்னாடைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருக்கும். வர்ணக் குழாய்கள் கடைசிச் சொட்டுவரை பிதுக்கப்பட்டுக் கிடக்கும். பொன்னாடையைத் தொட்டுப் படம் எழுத முடியுமா?

ஆகையால் நாம் கேட்பது இதுவே. அடுத்த விழாவுக்குப் பொன்னாடை வாங்க ஒதுக்கிய தொகையைக் கொண்டு, உங்கள் ஊரில் ஓய்வுக்குப்பின் படம் எழுதும் ஒருவரிடம் பழைய தோட்டத்துக் காட்சி ஒன்றை விலை பேசி எழுதச் சொல்லுங்கள். பாதிப் பணத்தை முன்னதாகக் கொடுங்கள். முடிந்த படத்தைத் தமிழ்ப் பள்ளிச் சுவரில், எழுதியவர் பெயரோடு மாட்டுங்கள். தனி மனிதராகப் படம் கேட்கப் போகிறவர்களும் வாசலில் செருப்பைக் கழற்றும்பொழுதே, "என்ன விலை, ஐயா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். அவர் சொல்லும் விலை உங்களுக்குக் கட்டாவிட்டால் கும்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். கட்டுமானால் எண்ணிக் கொடுங்கள்.