அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து நான்கு நாள் ஆகிறது. காலையில் ராமநாயக்கன் ஏரிக்கரையில் நடக்கப் போனால் சர்க்கரை, மூட்டுவலிப் பேச்செல்லாம் ஓய்ந்துவிட்டது. "பேரன் எவ்வளவு? எங்கே சேர்க்கிறீங்க?" இது ஒன்றுதான். பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பெங்களூர்ல பி.யு. காலேஜ் பாத்திருக்கோம் சார். அட்வான்ஸ் கட்டியாச்சு."

கட்டியாச்சு என்று சொல்பவரிடம் பேசிப் பயனில்லை. இன்னும் கட்டாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

முதலில் என் கதை. என் வயதொத்தவர்களுக்கு நினைவிருக்கும், நம் காலத்தில் பதினோரு வருடம் படித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டும். அதன்பின் கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி. நான் 1974இல் சேர்ந்தேன். அதுவரை எல்லாம் தமிழில் படித்த கிராமத்துப் பையன். முதல் நாள் வகுப்பில் கெமிஸ்ட்ரி ஆசிரியர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், ஆங்கிலத்திலேயே முடித்தார். எனக்குப் புரிந்தது 'குட் மார்னிங்' மட்டும். பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன் எழுந்து "புரியலை சார்" என்று சொல்ல வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்திலேயே ஒரு வருடம் ஓடிப்போனது. மூன்று பாடத்தில் ஃபெயில். என் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மாட்டைப் பிடித்துக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் டிரேடு படித்து, அப்ரெண்டிஸ் முடித்து, சிப்காட் பெரிதாகிக்கொண்டிருந்த சமயத்தில் ஓசூர் வந்து சேர்ந்தேன். அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் வந்து, 80களின் நடுவில் டைட்டனும் வந்து, இந்த ஊர் மாறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். முப்பத்தைந்து வருடம் டூல்ரூமில் நின்று ஓய்வு பெற்றேன். இதைச் சொல்வது பெருமைக்காக அல்ல. பதினாறு வயதில் எந்தப் படிப்பில் சேர்கிறோம் என்பது பாதி விஷயம்தான். சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் மீதிப் பாதி. எனக்கு யாரும் இல்லை.

இது தெரிந்த நானே 2022இல் ஒரு தப்பு செய்தேன்.

எங்கள் தெருவில் ஒரு லேத் ஆபரேட்டர். கான்ட்ராக்ட் வேலை. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கடையில் கன்னடம் என்று நம் ஊர்க்காரர்களைப் போல மூன்றும் பேசுவார். அவர் மகள் அரசுப் பள்ளியில் படித்து 500க்கு 452 வாங்கினாள். மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"சார், நீங்க சொல்றபடி செய்றேன். இங்கயே ப்ளஸ் ஒன் போடட்டுமா, பெங்களூர்ல பி.யு.சி. போடட்டுமா? எல்லாரும் அங்க போனா இன்ஜினியரிங், டாக்டர் ரெண்டுக்கும் கோச்சிங் சேத்துக் குடுப்பாங்கன்றாங்க."

நான் என்ன சொன்னேன்? "நல்லாப் படிக்கிற பொண்ணு, அங்கேயே போடுப்பா" என்றேன். ஒரு நிமிடம் யோசித்திருப்பேனா, தெரியாது. காபி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

அவர் இரண்டு வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் புரட்டினார். மனைவியின் வளையல் போனது. அந்தப் பெண் ஐந்தரை மணிக்கு எழுந்து, பஸ் பிடித்து, அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலைத் தாண்டிப் போய், இருட்டிய பின் திரும்பினாள். தமிழை விட்டுவிட்டு 'மார்க் வரும்' என்று சமஸ்கிருதம் எடுக்க வைத்தார்கள். 2024இல் பாஸ் செய்தாள், நல்ல மார்க்தான். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விதிகளைப் படிக்க நேரம் கிடைத்தது!

அந்த விதிகளை இப்போது வரிசையாகச் சொல்கிறேன். தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்று. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கு 2021இல் வந்தது. பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அந்தப் பெண் ஆறிலிருந்து பத்துவரை அரசுப் பள்ளிதான். கடைசி இரண்டு வருடம் எல்லையைத் தாண்டியதால் அந்த உரிமை போய்விட்டது. கூடவே அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் போய்விட்டது. (பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் என்று வந்திருக்கிறது.)

இரண்டு. "சரி, கர்நாடகாவிலேயே சி.இ.டி. எழுதி அரசு சீட் வாங்கிக்கலாமே" என்பீர்கள். அங்கே பொது விதி, ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யு. வரைக்குள் குறைந்தது ஏழு வருடம் கர்நாடகாவில் படித்திருக்க வேண்டும். சில விலக்குகள் உண்டு. ஆனால் ஓசூரில் பத்து வரை படித்துவிட்டு இரண்டு வருடம் மட்டும் போய் வந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு எட்டாது. அவர்கள் சேர்க்கும்போது சி.இ.டி. கோச்சிங் என்று சேர்த்துத்தானே பணம் வாங்கினார்கள்? எந்தச் சீட்டுக்காக அந்தக் கோச்சிங் என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

மூன்று. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வே கிடையாது. 2007லேயே போய்விட்டது. கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50, மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். பொதுத்தேர்வு மார்க் மட்டும்தான். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி வேண்டும் என்றாலும் இதுதான். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்குப் போகிறவனுக்கு ஜே.இ.இ. வேண்டும். அது எத்தனை பேர்?

நான்கு. வெளி மாநிலத்தில் படித்தவர்கள் இங்கே கலந்தாய்வுக்கு வந்தால் இருப்பிடச் சான்று காட்ட வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவனுக்கு அந்த அலைச்சல் இல்லை. சொந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண், தான் இந்த ஊர்தான் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று.

இக்கரையிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை. இடையில் நின்றுபோன பரிசல் அது. கடைசியில் பொதுப் பிரிவில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, அதற்கு வங்கிக் கடன். இலவசமாகப் படித்திருக்க வேண்டியவள். நான் சொன்ன ஒரு வாக்கியத்தால் கடன்காரியானாள்.

இப்போது எதிர்ப்பக்கத்தின் வாதங்களுக்கு வருகிறேன்.

"தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் மட்டம் சார்" என்பார்கள். இது பழைய பேச்சு. 2018-19இல் பதினொன்றாம் வகுப்புக்கும் அடுத்த வருடம் பன்னிரண்டுக்கும் புத்தகங்களை முழுக்க மாற்றி எழுதினார்கள். பேரனின் இயற்பியல் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நம்மால் தூக்கவே முடியாது!

"பி.யு.சி. என்றால் காலேஜ், ஸ்கூல் இல்லையே" என்பதில் ஒரு கவர்ச்சி. தமிழ்நாடு 1978இல் மேல்நிலைக் கல்விக்கு மாறி, பி.யு.சி.யை மூட்டை கட்டியது. முதல் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல். கர்நாடகா அதே இரண்டு வருடத்துக்குப் பழைய பெயரை வைத்துக்கொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம். பெயர்ப் பலகைக்கு மூன்று லட்சமா?

"இங்கே அரசுப் பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை" என்பார்கள். சில இடங்களில் உண்மை. அதைக் கேட்க வேண்டிய இடம் பெற்றோர் கூட்டம். மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. எத்தனை பேர் போயிருக்கிறோம்?

அதேசமயம், நம் பக்கத்தில் எல்லாம் ஒழுங்கு என்றும் சொல்ல மாட்டேன். நாமக்கல் பாணி விடுதிப் பள்ளிகளை எல்லோருக்கும் தெரியும். பிராய்லர் கோழி வளர்ப்பதுபோல, ப்ளஸ் ஒன் பாடத்தைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு இரண்டு வருடமும் ப்ளஸ் டூவையே மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற சுமை. 2025இல் அதை எடுத்துவிட்டார்கள். சுமை குறைந்தது நல்லது. ஆனால் பழைய வியாதி திரும்பி வரும் என்பது என் பயம். உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஜூன் மாதம் எந்தப் புத்தகம் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். பதினொன்றாம் வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் கையில் இருந்தால் கேளுங்கள், விடாதீர்கள். பதினொன்றில் அஸ்திவாரம் இல்லாதவன் பொறியியல் முதல் வருடத்திலேயே அரியர் வைப்பான்.

அடுத்தது 'ஃபர்ஸ்ட் குரூப்' மோகம். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் எடுத்தால் 'ரெண்டு கதவும் திறந்திருக்கும்' என்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் தட்டுத்தடுமாறி வந்தவனுக்கு அது கதவு இல்லை, சுவர். என் இளைய மகன் வணிகவியல் குரூப் கேட்டான். நான் ஆறு மாதம் அவனோடு சரியாகப் பேசவில்லை. இன்று சிட்கோவில் இருக்கும் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறான். என் கடைசிச் சம்பளத்தைவிட அதிகம் வாங்குகிறான்.

பாலிடெக்னிக் என்றால் முகம் சுளிக்கிறோம். தொழிற்சாலை ஊரில் வாழ்ந்துகொண்டு இப்படிச் சுளிப்பது எனக்கு இன்றும் புரியவில்லை. பத்தாவது முடித்து மூன்று வருடம் டிப்ளமா. வேண்டுமென்றால் அதன்பின் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு. கிருஷ்ணகிரியிலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. ப்ளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு வந்தாலும் டிப்ளமா இரண்டாம் ஆண்டில் சேரலாம். மேல்நிலையிலேயே தொழிற்பிரிவும் உண்டு. எந்த வழியில் போனாலும் மேலே ஏற ஒரு படி இருக்கிறது. என் டூல்ரூமுக்கு பி.இ. முடித்துவிட்டு, அரியரை மறைத்துக்கொண்டு, டிப்ளமா டிரெய்னி வேலைக்கு விண்ணப்பித்து வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். வெர்னியர் பிடிக்கத் தெரியாது. குறை அவர்களிடம் இல்லை.

யார்தான் பெங்களூர் போகலாம்? தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் கன்னட வழியில் படித்த பிள்ளைக்கு ஆனேக்கல் பக்கம்தான் வசதி என்றால் போகட்டும். ஏற்கெனவே பல வருடம் அங்கே படித்தவன் தொடரட்டும். அப்பாவுக்கு அங்கே வேலை, குடும்பமே மாறுகிறது என்றால் சரி. பக்கத்து வீட்டுக்காரன் போனான் என்பதற்காகப் போகாதீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் 7.5ஐ ஒரு முறைக்கு இரண்டு முறை நினைத்துப் பாருங்கள். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறலாம். அந்த வருடத்துக் கையேட்டை வாங்கிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சேர்த்துவிட்டால் கடமை முடிந்ததா? அங்கேதான் ஆரம்பம். முதல் மூன்று மாதம் மார்க் குறையும். குறையட்டும். "பத்தாவதுல அவ்வளவு வாங்கினியே" என்று குத்திக் காட்டாதீர்கள். தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறியவனுக்கு வார்த்தைகள்தான் தகராறு, மூளை அல்ல. ஒரு நோட்டில் தினம் பத்துச் சொல் இரண்டு மொழியிலும் எழுதச் சொல்லுங்கள். எனக்கு 1974இல் யாராவது அதைச் சொல்லியிருந்தால்!

நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ப்ளஸ் ஒன் பாதியில் "கம்பெனில ஆள் எடுக்கறாங்க" என்று பையன் நின்றுவிடுவான். பதினெட்டு முடிந்ததும் கான்ட்ராக்டில் சேர்வான். கையில் போன், பைக். முப்பது வயதிலும் அதே கான்ட்ராக்ட். ப்ளஸ் டூவில் ஒரு பாடம் தவறினாலும் உடனே துணைத்தேர்வு இருக்கிறது, அதே வருடம் கல்லூரியும் சேரலாம். பிள்ளைக்கு மனது சரியில்லை என்று தோன்றினால் 14417 என்ற அரசு உதவி எண் இருக்கிறது. அதற்கும் முன்னால் நாம் இருக்கிறோம். பென்ஷன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நமக்கு ஒரு பிள்ளையிடம் வாரம் ஒரு மணி நேரம் "இந்த வாரம் என்ன புரியலை?" என்று கேட்க முடியாதா?

போன மாதம் அந்தப் பெண் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை தாத்தா, நான் சமாளிச்சுக்குவேன். ஆனா என் தம்பி இந்த வருஷம் பத்தாவது. அவனுக்கு மட்டும் காபி குடிச்சு முடிச்சு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

தம்பி 391 வாங்கியிருக்கிறான். நேற்று மூவரும் உட்கார்ந்து கையேடுகளைப் புரட்டினோம். அவனுக்கு மெஷின் பிடிக்குமாம். இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரமும் இல்லை. திங்கட்கிழமை கிருஷ்ணகிரி போய் பாலிடெக்னிக்கைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அவன் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறோம்.

உங்கள் வீட்டிலும் பத்தாவது முடித்த பிள்ளை இருந்தால், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் ஒரு நாள் ஏரிக்கரைக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைச் சேர்ந்து படிப்போம்.