கைக்கேற்ற கத்தி எங்கே?

பாத்திரக் கடையில் கத்தி வாங்குகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? கூர் இருக்கிறதா என்று கட்டைவிரலால் அலகைத் தடவிப் பார்க்கிறார்கள். விலையைக் கேட்கிறார்கள். பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுகிறார்கள். பிடியை ஒரு முறை கையில் அழுத்திப் பிடித்துப் பார்ப்பவரைக் காண்பது அபூர்வம்.

காயை நறுக்குவது அலகு. ஆனால் கையைக் காப்பதும் கையைக் கெடுப்பதும் பிடிதான். இந்தச் சின்ன உண்மையைக் கத்தி செய்கிறவர்களும் மறந்துவிட்டார்கள், வாங்குகிறவர்களும் மறந்துவிட்டார்கள். இத்தனைக்கும் அந்தப் பாடத்தின் முதல் எழுத்து எழுதப்பட்ட இடம் எங்கோ சீமையில் இல்லை. செங்கற்பட்டுக்குப் பக்கத்தில் உள்ள திருமணியில்தான் இருக்கிறது!

மன்னரின் உத்தரவு

கத்தியைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் நேற்று முளைத்ததல்ல. 1669-ல் பிரான்ஸ் தேசத்து மன்னர் பதினான்காம் லூயி ஓர் உத்தரவு போட்டார். கூர்முனைக் கத்திகள் சாப்பாட்டு மேசையிலும் இருக்கக் கூடாது, தெருவிலும் இருக்கக் கூடாது. முனையை மழுக்கிவிட வேண்டும் என்பது கட்டளை. விருந்தில் வாய்ச்சண்டை முற்றினால் கத்திக்குத்தில் முடியும் காலம் அது. இன்று மேசைக் கத்தியின் முனை உருண்டையாக இருப்பது அந்தக் காலத்து ஏற்பாட்டின் தொடர்ச்சிதான்.

இங்கிலாந்தின் கடற்படைத் தளபதி நெல்சன் 1797-ல் டெனரீஃப் தீவில் நடந்த சண்டையில் வலக்கையை இழந்தார். அதன் பிறகு கத்தியும் முள்கரண்டியும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு கருவியை வைத்துக்கொண்டு இடக்கையாலேயே சாப்பிட்டார்.

மன்னரின் கத்தி எதிரே உட்கார்ந்திருப்பவனைக் காப்பாற்றியது. தளபதியின் கத்தி அதைப் பிடித்திருப்பவனுக்கு உதவியது. நல்ல கத்தி என்றால் இந்த இரண்டையும் செய்ய வேண்டும்.

தமிழர் சாப்பாட்டில் மேசைக் கத்திக்கு வேலை இல்லை. இலைக்கு வருவதற்கு முன்பே எல்லாம் நறுக்கப்பட்டு, வெந்து, பதமாகிவிடுகிறது. ஆகவே இங்கே கத்தியைப் பற்றிய கேள்வி சாப்பாட்டு மேசையில் எழுவதில்லை. அடுப்படியில் எழுகிறது, மீன் ஆயும் கடற்கரையில் எழுகிறது.

திருமணியில் ஒரு கைப்பிடி

திருமணியில் 1924-ல் லேடி வில்லிங்டன் பெயரால் ஒரு தொழுநோய் மருத்துவ விடுதி தொடங்கப்பட்டது. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று, தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதற்கு முன்பு, 1940-களில், அங்கே தலைமை வகித்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன்.

அவருடைய அழைப்பின் பேரில் அங்கே வந்தார் டாக்டர் பால் பிராண்ட். இவர் பெற்றோர் ஆங்கிலேயர். ஆனால் இவர் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ல். எலும்பு, கை அறுவை சிகிச்சையில் தேர்ந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர்.

திருமணியில் விரல்கள் மடங்கிப்போன நோயாளிகளை அவர் பார்த்தார். அந்தக் கைகள் செத்துப்போனவை, இனி ஒன்றுக்கும் உதவாது என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்திருந்தார்கள். பிராண்ட் ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். அவ்வளவுதான், டாக்டருக்கு வலி பொறுக்க முடியவில்லை! உள்ளங்கையின் சிறு தசைகள் சோர்ந்திருந்தாலும், முன்கையின் பெரிய தசைகள் இரும்பாக இருந்தன. எத்தனை பலமாக அழுத்துகிறோம் என்பதுதான் அழுத்தியவருக்குத் தெரியவில்லை.

அந்தக் கைப்பிடியிலிருந்து பிறந்ததுதான் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை. நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, விரல்களுக்கு வேலை திரும்பக் கொடுத்தார் பிராண்ட். 1960-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது.

ஆனால் வேலூரில் ஒரு புதிர் காத்திருந்தது. சீராக்கிய கைகளில் மறுபடியும் புண்கள் வந்தன. நோய்தான் சதையைத் தின்கிறது என்று ஊர் நம்பியது. அது சரிதானா?

பூட்டைத் திறந்த சிறுவன்

ஒரு நாள் பிராண்ட் துருப்பிடித்த பூட்டு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற நோயாளிச் சிறுவன் ஒருவன் தான் திறப்பதாகச் சொல்லிச் சாவியை வாங்கினான். ஒரே திருகு! பூட்டு திறந்துகொண்டது. பெரியவரால் முடியாததை இந்தப் பையன் எப்படிச் செய்தான் என்று டாக்டர் பார்த்தால், தரையில் ரத்தம் சொட்டியது. சாவியின் விளிம்பு விரலை எலும்பு வரை கிழித்திருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை.

புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. பிறகு ஒவ்வொரு புண்ணும் எங்கிருந்து வந்தது என்று பிராண்டும் அவருடைய உதவியாளர்களும் துப்பறிந்தார்கள். சிலாம்பு தூக்கிய சுத்தியல் பிடி, சூடான பாத்திரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குற்றவாளிகள் அகப்பட்டன. விரல்கள் தாமாக அழுகி விழவில்லை. நோய் உணர்ச்சியைப் பறித்தது. கருவிகள் கையைப் பறித்தன!

வலி என்பது ஒரு காவல்காரன். கத்திப் பிடி உறுத்தினால், உணர்ச்சி உள்ளவர் தம்மை அறியாமலே பிடியை மாற்றிக்கொள்கிறார். உணர்ச்சி இல்லாதவருக்கு அந்த எச்சரிக்கை இல்லை. கையில் காவல்காரன் இல்லாதபோது, அந்தக் காவல் வேலையைக் கருவி செய்ய வேண்டும். பாதுகாப்பான கத்தி என்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் கிடையாது.

பிடியின் கணக்கு

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரே பலத்தை இரண்டு மடங்கு பரப்பில் பரப்பினால் அழுத்தம் பாதியாகிவிடும். மெலிந்த பிடி உள்ள கத்தியில் கையின் பலம் முழுவதும் ஒரு கோடுபோல் விழுகிறது. மூன்று, நான்கு செண்டிமீட்டர் கனமுள்ள உருண்டைப் பிடியில் அதே பலம் உள்ளங்கை முழுவதும் பரவுகிறது. விரல்களை இறுக்கி மடக்க வேண்டிய அவசியமும் குறைகிறது.

நல்ல பிடியின் மற்ற இலட்சணங்களும் எளியவையே. ஆணித்தலை துருத்தக் கூடாது. பூண் கையில் உரசக் கூடாது. ஈரத்தில் வழுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிடி முடிந்து அலகு தொடங்கும் இடத்தில், விரல் வழுக்கிக்கொண்டு போகாதபடி ஒரு தடுப்பு வேண்டும்.

கூரும் வேண்டும். மழுங்கிய கத்தி ஆபத்து இல்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. கூர் குறைந்தால் பலம் கூட வேண்டியிருக்கிறது. பலத்தோடு அழுத்தும் கத்தி தக்காளித் தோலில் சறுக்கினால் எங்கே போய் நிற்கும் என்பது இல்லத்தரசிகளுக்குத் தெரியும். தெருவில் சாணை பிடிப்பவரின் குரல் அரிதாகிவிட்டதும் கைகளுக்கு ஒரு நஷ்டம்தான்.

பாட்டியின் அரிவாள்மணை

இந்த இடத்தில் அரிவாள்மணையை நினைக்காமல் இருக்க முடியாது. அதில் கத்தி அசைவதில்லை, காய்தான் அசைகிறது. மணையைக் கால் அழுத்திக்கொள்கிறது. இரண்டு கைகளும் காயைப் பிடித்து முன்னால் தள்ளுகின்றன. பிடியே இல்லாததால் பிடியை இறுக்கும் வேலையும் இல்லை. முறுக்கி ஒடிக்க வேண்டிய மணிக்கட்டுக்கும் ஓய்வு. மூட்டுவலியால் கத்தியைப் பிடிக்க முடியாத பாட்டி, பூசணிக்காயை அரிவாள்மணையில் அனாயாசமாகப் பிளந்துவிடுவதன் ரகசியம் இதுதான்.

ஆனால் குற்றமும் உண்டு. கூர் மேல்நோக்கித் திறந்து நிற்கிறது; ஓடி வரும் குழந்தைக்கு அது எமன். தரையில் உட்கார்ந்து எழ முழங்கால் இடம் கொடுக்க வேண்டும். விரல்கள் கூரை நோக்கியே போவதால், உணர்ச்சி குறைந்த கைகளுக்கு இது பெரிய அபாயம். மடக்கு அரிவாள்மணை வந்தது பாதி நிவாரணம். வேலை முடிந்ததும் அலகு படுத்துக்கொள்கிறது; வேலை நடக்கும்போது விரலுக்குக் காவல் இல்லை. கூருக்கு முன்னால் ஒரு சிறு மரத் தடுப்போ, காயைத் தள்ளிவிட ஒரு கட்டையோ சேர்த்தால் என்ன?

ஈரக் கையும் மீன் செதிலும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை அந்தக் கரை நெடுகிலும் மீனவர் குப்பங்கள். வஞ்சிரமும் சங்கராவும் வந்து இறங்கியதும், ஆய்ந்து துண்டு போடும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. உப்புத் தண்ணீர், மீன் கொழுப்பு, செதில், முள், அவசரப்படுத்தும் வாடிக்கையாளர், இத்தனைக்கும் நடுவில் கத்தி ஓடுகிறது. வழுக்குவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? தடுப்பில்லாத கத்தியை இவர்கள் கையில் கொடுப்பது, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் ஏறி வேலை செய்யச் சொல்வதற்குச் சமம்.

அதே மாமல்லபுரத்தில் சிற்பிகளைப் பாருங்கள். நுணுக்க வேலைக்கு ஓர் உளி, உடைத்து எடுக்க வேறோர் உளி. கருவி கைக்கும் வேலைக்கும் பொருந்தினால்தான் கல் சொன்னபடி கேட்கும் என்பது அவர்களுக்குப் பரம்பரைப் பாடம். கல்லுக்குக் கொடுக்கும் மரியாதையைக் கைக்குக் கொடுக்கக் கூடாதா?

வெளிநாட்டில் நடந்தது

சுவீடன் தேசத்தில் மரியா பெங்க்ட்ஸன் என்ற பெண்மணியும் ஸ்வென்-எரிக் யூலின் என்பவரும் 1974-ல் ஒரு சமையல் கத்தி அமைத்தார்கள். மரம் அறுக்கும் ரம்பத்துக்கு இருப்பதுபோல் அதற்கு நிமிர்ந்த பிடி. மணிக்கட்டை ஒடிக்காமல் ரொட்டியை அறுக்கலாம். அலகு விலகாமல் ஓட ஒரு சட்டமும் உண்டு. மூட்டுவலிக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்த பொருள் அது.

அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்ற வியாபாரி, மூட்டுவலியால் அவதிப்பட்ட தம் மனைவி பெட்ஸி காய்த்தோல் சீவச் சிரமப்படுவதைப் பார்த்தார். கனத்த ரப்பர் பிடி போட்ட தோல் சீவி 1990-ல் கடைக்கு வந்தது. அதை வாங்கியவர்கள் மூட்டுவலிக்காரர்கள் மட்டுமல்ல. கை நன்றாக இருந்தவர்களும் விரும்பி வாங்கினார்கள். பலவீனமான கைக்குப் பொருந்துவது, பலமுள்ள கைக்கும் சுகமாகத்தானே இருக்கும்!

யாருக்கு வேண்டும்?

"தொழுநோயைத்தான் கட்டுப்படுத்திவிட்டார்களே, இனி யாருக்கு இந்தக் கத்தி?" என்று கேட்கலாம். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு நோய் வெகுவாக அடங்கியது உண்மை. ஆனாலும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்றும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். மருந்து கிருமியைக் கொல்லும். மரத்துப்போன கைக்கு உணர்ச்சி திரும்பும் என்று சொல்ல முடியாது.

சர்க்கரை வியாதியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் சுமார் பத்துக் கோடிப் பேருக்கு அது இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. அது முதலில் பாதத்தை மரத்துப்போகச் செய்கிறது. நாளாவட்டத்தில் சிலருக்குக் கையையும் தொடுகிறது. மூட்டுவலிக்காரர்கள், பக்கவாதத்தில் ஒரு கை சோர்ந்தவர்கள், வயதானவர்கள் என்று கூட்டிக்கொண்டே போனால், எந்த வீட்டைத்தான் விலக்க முடியும்?

விலை கூடிவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். ஒரு துண்டு பூவரசங்கட்டை, இழைத்து உருட்ட ஒரு தச்சர், பூண் போட ஒரு கொல்லர். இதற்கு எந்தத் தொழிற்சாலை வேண்டும்? அதுவரை பழைய சைக்கிள் டியூபைக் கத்திப் பிடியில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாலே பிடி கனக்கும், வழுக்கலும் குறையும்.

மூன்று வாசல்கள்

செங்கற்பட்டு மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் உள்ள வசதி வேறு எந்த மாவட்டத்துக்கும் இல்லை. மரத்துப்போன கையை நன்றாக அறிந்த நிலையம் திருமணியில். 1957-ல் தொடங்கிய அரசினர் கட்டடக் கலை, சிற்பக் கலைக் கல்லூரி மாமல்லபுரத்தில். கல், மரம், உலோகம் மூன்றுக்கும் உருவம் கொடுக்கக் கற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். கத்தியை நாள் முழுதும் பயன்படுத்திச் சோதிக்கக் குப்பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். இந்த மூன்று வாசல்களுக்கும் நடுவே ஒரு பஸ் பயணம்தான் தூரம். ஒருவரை ஒருவர் சந்தித்துப் பேசவைக்க மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் போதும்.

2011-ல் தமிழக அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வீடுதோறும் கொடுக்கத் தொடங்கியது. அரைக்கும் வேலை எளிதாயிற்று. நறுக்கும் வேலை மட்டும் பெண்களின் கையோடு நின்றுவிட்டது. அதைப் பற்றி யோசிக்க அரசாங்கம்தான் வேண்டும் என்பதும் இல்லை. பாத்திரக் கடையில் அடுத்த முறை கத்தி வாங்கும்போது அலகைத் தடவுவதற்கு முன் பிடியை அழுத்திப் பாருங்கள். உறுத்தினால், "வேறு இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால் கடைக்காரர் பட்டறையைக் கேட்பார். பட்டறை யோசிக்கத் தொடங்கும்.

வலி தெரியாத ஒரு சிறுவன் தன் விரலைக் கொடுத்துச் சொன்ன பாடம் இது. வலி தெரிந்தவர்கள் அதைக் கற்றுக்கொள்ள இன்னும் எத்தனை விரல்கள் வேண்டும்?