கம்பி கழட்டியாச்சு... ஆனா சிகிச்சை முடியல! ரிடெய்னர் பற்றி முதல் நாளே ஏன் பேசணும்?

பல்லுக்குக் கம்பி போட்டு ஒன்றரை, ரெண்டு வருஷம் பொறுத்தவர்களுக்கு, அதைக் கழட்டுற நாள் ஒரு திருவிழா. செல்ஃபி, ஸ்டேட்டஸ், இத்தனை நாள் தொடாத முறுக்கு என்று அன்றைக்கே எல்லாம் நடந்துவிடும். அதே நாளில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவையும் கொடுத்து அனுப்புவார்கள். உள்ளே இருப்பதுதான் ரிடெய்னர். பலர் வீட்டில் சில மாதங்களிலேயே அந்த டப்பா பீரோ மேல் ஏறிவிடுகிறது. அப்புறம் ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தால், கீழ்வரிசை முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருக்கும்.

இதற்கு நோயாளியின் அலட்சியம் பாதிக் காரணம். மீதிப் பாதி, சிகிச்சை தொடங்கும்போதே சொல்லவேண்டியதைக் கடைசி நாளில் அவசரமாகச் சொல்லி அனுப்புவது. திருத்தணி மாதிரி ஊரிலிருந்து ரயிலேறிப் போய் சிகிச்சை எடுப்பவர்களுக்கு இந்த இடைவெளி ரொம்பவே செலவு வைக்கிறது.

பல் ஏன் பழைய இடத்துக்குப் போகுது?

பல், எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை. பல்லின் வேரையும் தாடை எலும்பையும் மெல்லிய நார்கள் இணைக்கின்றன. கம்பி பல்லை நகர்த்தும்போது இந்த நார்களும் இழுபடும். கம்பியை எடுத்த பிறகு வேரைச் சுற்றிய நார்கள் புது இடத்துக்குப் பழக 3 முதல் 4 மாதம் ஆகும். ஈறில் உள்ள மீள்தன்மை கொண்ட நார்களுக்கு ஒரு வருஷம்கூடப் பிடிக்கலாம். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும்.

சரி, ஒரு வருஷம் போட்டால் போதுமா? அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழு 1981-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பல் எடுத்துக் கம்பி போட்ட 65 பேரை, ரிடெய்னரை நிறுத்தி குறைந்தது 10 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குக் கீழ் முன்பற்களின் வரிசை திருப்தியாக இல்லை.

'கடவாய்ப் பக்கம் ஞானப்பல் முளைச்சுதான் தள்ளிடுச்சு' என்று வீட்டில் சொல்வார்கள். ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தவில்லை. கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏற கீழ் முன்பற்கள் நெருக்கியடிப்பது இயல்பு. அதனால்தான் பல மருத்துவர்கள், 'ராத்திரி மட்டும், ஆனா நிறுத்தாம போடுங்க' என்கிறார்கள்.

எது நல்லது?

ரிடெய்னரில் மூன்று வகை அதிகம் புழங்குகிறது. முதலாவது, முன்னால் கம்பியும் அண்ணத்தில் பிளாஸ்டிக் தட்டும் கொண்ட ஹாலி. நீடித்து உழைக்கும், ஆனால் வெளியே தெரியும், முதல் சில நாள் பேச்சு குழறும். இரண்டாவது, கண்ணாடி மாதிரி இருக்கும் உறை. வெளியே தெரியாது, ஆனால் தேயும், விரிசல் விடும். மூன்றாவது, பல்லின் உள்பக்கம் ஒட்டிவிடும் மெல்லிய கம்பி. போட மறக்கிற பிரச்சினையே இல்லை. ஆனால் அங்கே காரை சேரும், ஒட்டு விட்டுப்போனால் சட்டென்று தெரியாது. 2023-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இவற்றில் எது சிறந்தது என்று அடித்துச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. உங்கள் பல்லுக்கும் பழக்கத்துக்கும் ஒத்துவருவதை மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்யணும். முதல் சில மாதங்கள் நாள் முழுக்கவா, இரவு மட்டுமா என்பதும் அவர் சொல்லவேண்டியது.

வெயில்தான் முதல் எதிரி

கோடையில் தமிழகத்தின் அதிக வெப்பநிலைப் பட்டியலில் திருத்தணி பெயர் அடிக்கடி வரும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே புதுசு இல்லை. வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ பைக் டிக்கியிலோ ரிடெய்னரை விட்டால் வடிவம் மாறிவிடலாம். வெந்நீரில் கழுவினாலும் இதே கதிதான்.

* சாதா தண்ணீர், மென்மையான பிரஷ், கொஞ்சம் லேசான சோப் போதும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கண்ணாடி உறையில் கீறல் விழும், அதில் அழுக்கு தங்கும்.
* சாப்பிடும்போது கழட்டணும். டீ, காபிக்கும்தான். உறைக்குள் சர்க்கரை தங்கினால் பல் சொத்தையாகும்.
* கழட்டினால் டப்பாவில் மட்டும் வைக்கணும். டிஷ்யூ பேப்பரில் சுற்றி டேபிளில் வைத்தால், இலையோடு குப்பைக்குப் போய்விடும். நாய் வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமா இருக்கணும், அதுங்களுக்கு இந்த வாசனை ரொம்பப் பிடிக்கும்.
* சில நாள் விட்டுப்போய், மறுபடி போட்டால் உட்காரவே இல்லையா? அழுத்தி மாட்டாதீங்க. உடனே மருத்துவரைப் பாருங்க.

உடைந்தால் ஒரு நாள் கூலி

அந்தக் கடைசி வரியைச் சொல்வது சுலபம். திருத்தணியிலிருந்து சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போவதென்றால், மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, எதிரே பார்க் நிலையத்தில் மாறி, கோட்டையில் இறங்கணும். போக வர ஒரு முழு நாள். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துக்கு அது ஒரு நாள் கூலி. மகளுக்கு ரிடெய்னர் உடைந்தால், 'அடுத்த மாசம் பார்க்கலாம்மா' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பல் அடுத்த மாதம் வரை காத்திருக்காது. இரண்டு வருஷப் பணமும் வலியும் கரைவது இப்படித்தான்.

இதை மாற்றப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. கம்பி போடும் முதல் நாளே மருத்துவமனைகள் மூன்று விஷயங்களை எழுதித் தரட்டும். மொத்தக் கட்டணத்தில் ரிடெய்னர் சேர்ந்ததா? உடைந்தால் மாற்ற எவ்வளவு? கம்பி எடுத்த பிறகு எத்தனை முறை வரணும்? ரிடெய்னருக்கு எடுத்த அளவை, மாவு அச்சாகவோ டிஜிட்டல் ஸ்கேனாகவோ நோயாளியிடமே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பல் நகராத வரை, அதை வைத்து அருகிலுள்ள ஊரிலேயே புதுசு செய்துகொள்ள வாய்ப்பு உண்டு.

'வாழ்நாள் முழுக்கன்னா யார் வருவாங்க' என்ற தயக்கம் கிளினிக்குகளுக்கு இருக்கலாம். ஆனால் திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று தெரிந்தேதான் மக்கள் ஏறுகிறார்கள். எத்தனை படி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனசு அதற்குத் தயாராகிவிடும்.

கிளினிக்கில் அவர்களாகச் சொல்லவில்லை என்றால், கம்பி போட உட்காரும் முன் நீங்களே கேளுங்க: 'டாக்டர், ரிடெய்னருக்கும் சேர்த்து எவ்வளவு?'