செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறீங்களா? கிலோமீட்டரைக் கேட்காதீங்க, எந்த ரோட்டில் ஓடுச்சுன்னு கேளுங்க!

தேனி, கம்பம் பக்கம் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?” என்பதுதான். சமவெளி ஊர்களுக்கு அது சரியான கேள்வி. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கில் அது பாதிக் கேள்விதான்.

ஒரு ஆல்ட்டோ 40,000 கி.மீ. ஓடியிருக்கிறது, ஆனால் வாரம் தவறாமல் போடிமெட்டு ஏறி இறங்கியிருக்கிறது. இன்னொன்று 80,000 கி.மீ., பெரும்பாலும் தேனி - மதுரை ரோட்டில். எதை வாங்கலாம்? யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மலை ரோடு காரை என்ன செய்கிறது?

போடியிலிருந்து போடிமெட்டுக்குச் சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அதே உயரத்தை இறங்கவும் வேண்டும். ஆளோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலை வைத்து, சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்!

இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கினால் எஞ்சினே அதில் பெரும் பங்கைத் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டு “பெட்ரோல் மிச்சம்” பிடித்தால், எல்லாச் சூடும் பிரேக்கின் தலையில்தான் விழும். முந்தைய ஓனர் எப்படி இறங்கினார் என்பதை ஓடோமீட்டர் சொல்லாது. பிரேக் டிஸ்க் சொல்லும்.

எங்கே செலவு வைக்கும்?

ஆல்ட்டோ, வேகன் ஆர், ஐ10, பெட்ரோல் ஸ்விஃப்ட் மாதிரியான சின்ன கார்களுக்கு, வெளி ஒர்க்‌ஷாப் கூலியோடு தோராயக் கணக்கு இது. மாடலையும் ஸ்பேரின் தரத்தையும் பொறுத்துக் கூடும், குறையும்.

கிளட்ச் (ரூ.6,000 - 12,000): ஏற்றத்தில் ஆஃப் கிளட்ச்சில் நிறுத்தியே பழகிய கார்களில் முதலில் தேய்வது இதுதான். நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். எஞ்சின் மட்டும் சத்தம் போட்டு, வேகம் கூடவில்லையா? கிளட்ச் முடிந்தது.

பிரேக் (ரூ.5,000 - 10,000): முன்பக்க பேட், டிஸ்க், பின்பக்க ஷூ எல்லாம் சேர்த்து. பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இதை மாற்ற ஆயிரம் ரூபாய்க்குள்தான் ஆகும். ஆனால் பலரும் தள்ளிப்போடுவது இதைத்தான்.

முன்பக்க சஸ்பென்ஷன் (ரூ.7,000 - 15,000): ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட். பள்ளத்தில் இறங்கும்போது வரும் ‘டக் டக்’ சத்தத்தைப் பாட்டுச் சத்தத்தில் மறைத்துவிடுவார்கள். டெஸ்ட் டிரைவில் ஸ்டீரியோவை ஆஃப் பண்ணுங்கள்.

கூலிங்: எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலண்டுக்குப் பதில் துரு நிறத் தண்ணீர் இருந்தால் உஷார். ஆயில் மூடியின் உள்ளே பால் கலந்த காபி மாதிரி பசை இருந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த வேலை ரூ.15,000-ஐத் தாண்டலாம். அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது.

டீசல் ஸ்விஃப்ட் வாங்கலாமா?

ஏற்றத்தில் இழுக்கும் என்பதால் இங்கே இதற்கு மவுசு அதிகம். ஃபியட் உருவாக்கிய அந்த 1.3 லிட்டர் எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆனால் மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. டர்போ, இன்ஜெக்டர் இரண்டில் ஒன்று போனாலும், மேலே சொன்ன கணக்கெல்லாம் சின்னதாகத் தெரியும். மாதம் ஆயிரம் கி.மீ.கூட ஓட்டாதவருக்கு பெட்ரோலே போதும்.

முதல் செலவு எதற்கு?

மூன்று லட்சத்துக்கு கார் வாங்கியதும் நம்மில் பலர் செய்வது என்ன? டச் ஸ்கிரீன், சீட் கவர், அலாய் வீல். இருபதாயிரம் காலி. கிளட்ச், பிரேக்? “அப்புறம் பார்த்துக்கலாம்.” அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு மூணாறு!

என் கருத்து இதுதான்: விலையில் பத்து சதவீதத்தை முதல் நாளே தனியாக எடுத்து வையுங்கள். அது காருக்கு உள்ளே தெரிகிற பொருளுக்கு இல்லை, காருக்கு அடியில் தெரியாமல் இருக்கிற பொருளுக்கு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் காரை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய், விலை பேசும்போதே திரும்பி வந்துவிடும். லிஃப்டில் ஏற்றவே விடமாட்டேன் என்கிறாரா? அதுவும் ஒரு பதில்தான். அடுத்த காரைப் பாருங்கள்.